டிவிக்கு வைத்த பொட்டு

நம் வயதுக்காரர்கள் நாலு பேர் சேர்ந்தால் வீட்டுக்கு முதல் டிவி வந்த கதை வந்துவிடுகிறது. அட்டைப்பெட்டியைப் பிரித்தது, மொட்டை மாடியில் ஏறி ஆன்டெனாவைத் திருப்பியது, கீழேயிருந்து "வந்திடுச்சு, வந்திடுச்சு, போயிடுச்சு" என்று கத்தியது. நானும் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பேன். என் முறை வரும்போது டீ வாங்கி வருகிறேன் என்று எழுந்து போய்விடுவேன். நாலு பேர் முன்னால் பேசுவது எனக்கு எப்போதும் வராது. என்னிடம் இருப்பதும் டிவியின் கதை இல்லை, ரிமோட்டின் கதை. அதை இங்கே எழுதிவிடுகிறேன்.

நான் ஐந்தாவது படித்த வருடம், மழை நாளில் அப்பா விழுந்தார். ரயில்வேயில் சிக்னல் பிரிவில் ஃபிட்டராக இருந்தார். வேலை முடிந்து வந்து வாசலில் ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தவர் அப்படியே சுவரோடு சரிந்து உட்கார்ந்தார். எழுந்திருக்கவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்தபோது வலது கை, வலது கால், பேச்சு மூன்றும் போயிருந்தன.

மராத்தி பேசும் ஊரில், கோர்படி ரயில்வே காலனியில் எங்களுக்கு இரண்டு அறை வீடு. முன்னறையில் டிவி, உள்ளறையில் அப்பாவின் இரும்புக் கட்டில். நடுவில் கதவில்லாத நிலை. அதில் அம்மா பழைய புடவையைத் திரையாகக் கட்டியிருந்தாள். திரையை ஒதுக்கிவிட்டால் கட்டிலிலிருந்து டிவி நேராகத் தெரியும். கட்டிலை முன்னறைக்குக் கொண்டுவந்தால் நாங்கள் நடக்க இடமிருக்காது. டிவியையும் நகர்த்த முடியாது. கேபிள்காரர் ஜன்னல் கம்பியோடு இழுத்துக் கட்டிவிட்டுப் போன ஒயர் அதற்கு மேல் வராது.

அந்த வீட்டில் அப்போது மூன்று வாசனைகள் இருந்தன. அப்பாவின் காலில் தேய்க்கும் எண்ணெய், டெட்டால், லோகோ ஷெட்டிலிருந்து காற்றில் வரும் டீசல் புகை. காலையில் பக்கத்து ராணுவ முகாமில் ஊதும் பிகில் கேட்டதும் அப்பா கண்ணைத் திறப்பார். அது ஒன்றுதான் பழைய மாதிரி நடந்தது. மற்றதெல்லாம் மாறிப்போயிருந்தது. அழ வேண்டிய நேரத்தில் சிரிப்பார். சிரிக்க வேண்டிய நேரத்தில் கண்ணீர் வழியும். எதைக் கேட்டாலும் தலையாட்டுவார். இட்லியா என்றாலும் ஆட்டுவார், தோசையா என்றாலும் ஆட்டுவார். புத்தி தெளிவாக இருக்கிறதா இல்லையா என்று இப்போது சொல்ல முடியாது, போகப் போகத்தான் தெரியும் என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார்.

அந்த ஒரு வார்த்தையில்தான் எங்கள் வீடே தொங்கிக்கொண்டிருந்தது. காட்பாடியில் அரிசி மண்டி வைத்திருந்த பெரியப்பா போனில் சொல்லிவிட்டார். "வாய் பேசாதவன வெச்சுகினு, பாஷை புரியாத ஊர்ல, ரெண்டு புள்ளைங்களோட நீ இன்னா பண்ணுவ? அவனுக்குப் புத்தி தெளிவா இருந்தா சொல்லு, இங்கயே இருக்கட்டும். இல்லன்னா நான் வந்து கூட்டிகினு போறேன். நீ பசங்களக் கூட்டிகினு உங்க அண்ணன் வூட்டுக்குப் போ." அவர் கெட்டவர் இல்லை. தம்பி மேல் உயிர் அவருக்கு. ஆனால் அப்பா ஓர் ஊர், நாங்கள் ஓர் ஊர் என்று ஆகிவிடும். வீட்டையும் ரயில்வேயிடம் ஒப்படைக்க வேண்டும். புத்தி தெளிவாக இருந்தால் லீவை நீட்டிப்பார்கள், வீடு கையில் இருக்கும் என்று தொழிற்சங்கத்து ஆள் ஒருவர் அம்மாவிடம் சொல்லியிருந்தார்.

அப்படி இருக்கும்போது ஒரு சாயங்காலம் அது நடந்தது. டிவியில் ஏதோ ஹிந்திப் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. நான் தரையில், சாம்பல் நிற ஷாஹாபாத் கல்லின் மேல் கவிழ்ந்து படுத்து வாய்ப்பாடு எழுதிக்கொண்டிருந்தேன். அக்கா தலை பின்னிக்கொண்டிருந்தாள். சட்டென்று பாட்டு நின்று தமிழ்ச் செய்தி வந்தது.

அம்மா கரண்டியோடு சமையலறையிலிருந்து ஓடி வந்தாள். "யாருடி மாத்தினது?"

"நான் இல்ல," என்றாள் அக்கா.

உள்ளறையில் அப்பாவின் இடது கையில் ரிமோட் இருந்தது. கட்டில் மேல் யாரோ மறந்து வைத்தது. விழுவதற்கு முன்னால் அந்த நேரத்துக்குச் செய்தி கேட்பது அவர் வழக்கம். அம்மா நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கரண்டியிலிருந்து ரசம் சொட்டியது. "இன்னொரு வாட்டி மாத்துங்க," என்றாள் மெதுவாக. அப்பா மாற்றினார். திரும்பப் பாட்டு வந்தது. "திரும்ப நியூஸ் போடுங்க." போட்டார்.

அம்மா அடுப்பை அணைத்துவிட்டு எஸ்டிடி பூத்துக்கு நடந்தே போய்ப் பெரியப்பாவிடம் சொன்னாள். "மாமா, அவருக்கு எல்லாம் புரியுது. டிவிய அவரே மாத்துறாரு." அதற்குப் பிறகு அந்த ரிமோட்டை அம்மா வைத்திருந்த விதம் இருக்கிறதே, தங்கச் சங்கிலியை அப்படி வைத்ததில்லை. கடையில் கொடுத்த பாலிதீன் உறை கழற்றாமல், மேலே ரப்பர் பேண்ட் போட்டு, அப்பாவின் தலையணை ஓரத்தில்தான் இருக்கும்.

டிவி வாங்கிய புதிதில் அப்பா கட்டிலில் சாய்ந்தபடி ரிமோட்டை அமுக்குவார். அம்மா முறத்தோடு குறுக்கே வந்து நிற்பாள். "நடுவுல நிக்காதம்மா, சிக்னல் மறைக்குது. வண்டி எப்டிப் போவும்?" என்று அப்பா சத்தம் போடுவார். "உங்க வண்டி நின்னா நிக்கட்டும், எங்க வண்டி அடுப்புல கீது," என்று அம்மா வேண்டுமென்றே நின்று அரிசி புடைப்பாள். அந்த மாதிரிப் பேச்செல்லாம் வீட்டில் நின்றுபோய் மாதங்களாகியிருந்தன. ரிமோட் வேலை செய்த அந்தக் கொஞ்ச நாளில் அம்மா திரும்பக் குறுக்கே போய்வர ஆரம்பித்தாள். வேலை இல்லாதபோதும் போனாள்.

பிறகு ஆயுத பூஜை வந்தது.

அந்த முறை அம்மா எதையும் விடவில்லை. அப்பாவின் ஸ்பானர் பை, சைக்கிள், அரிவாள்மனை, மிக்ஸி, எங்கள் புத்தகப் பை எல்லாவற்றுக்கும் சந்தனம் குழைத்து வைத்து அதன்மேல் குங்குமம் வைத்தாள். மறுநாள் தசராவுக்காகப் பக்கத்து வீட்டு மாவ்ஷி செண்டுமல்லித் தோரணம் கட்டிக் கொண்டுவந்து கொடுத்திருந்தாள். அவள் மராத்திக்காரி. மாவ்ஷி என்றால் சித்தி, நாங்கள் எல்லோருமே அவளை அப்படித்தான் கூப்பிடுவோம். தோரணத்தை டிவியின் தலையில் போட்டுவிட்டு அம்மா சந்தனக் கிண்ணத்தோடு குனிந்தாள். திரைக்குக் கீழே, நட்ட நடுவில், கருஞ்சிவப்பில் பளபளப்பாகக் காசு மாதிரி ஒரு வட்டம் இருந்தது.

"பாருடி," என்றாள் அக்காவிடம். "கம்பெனிக்காரனே பொட்டு வெக்க இடம் விட்டு அனுப்பியிருக்கான்."

அந்த இடத்தில் அளவெடுத்த மாதிரி பொட்டு உட்கார்ந்தது. சூடம் காட்டிவிட்டு அம்மா கண்ணை மூடிக்கொண்டு வெகு நேரம் நின்றாள். என்ன வேண்டிக்கொண்டாள் என்று கேட்கத் தேவையில்லை.

அன்றிலிருந்து ரிமோட் கெட்டுப்போனது.

ஒரேயடியாகக் கெட்டுப்போயிருந்தால் நல்லது. அது இஷ்டப்பட்டால் கேட்டது, இஷ்டப்படாவிட்டால் கேட்கவில்லை. டிவிக்கு முன்னால் நின்று அமுக்கினால் உடனே மாறும். நிலைக்கு வந்து அமுக்கினால் ஒருமுறை மாறும், ஒருமுறை மாறாது. அப்பாவின் கட்டிலிலிருந்து அமுக்கினால் அநேகமாக ஒன்றும் நடக்காது. அப்பா கையை நீட்டி அமுக்குவார். கட்டை விரல் நகம் வெளுக்கும்வரை அமுக்குவார். டிவியில் சோப்பு விளம்பரத்துப் பெண் பாட்டுக்குக் குளித்துக்கொண்டிருப்பாள். அப்பாவின் கண்ணில் தண்ணீர் வரும். அது கோபத்தில் வருகிறதா, நோயில் வருகிறதா என்று யாருக்குத் தெரியும்?

அம்மா எதிரில் வாயைத் திறந்து யாரும் சொல்லவில்லை. ஆனால் பார்க்க வந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். முதலில் வந்த தெளிவு திரும்பப் போய்விட்டது என்று நினைத்தார்கள். அம்மாவுக்கும் அந்தப் பயம் வந்துவிட்டது என்பது எனக்குத் தெரிந்தது. குறுக்கே போய்வருவதை நிறுத்திவிட்டாள்.

நான் அந்த ரிமோட்டோடு மல்லுக்கட்டினேன். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அதுதான் வேலை. முதலில் செல்லைக் கழற்றி வெயிலில் காயவைத்தேன். நீங்களும் செய்திருப்பீர்கள். பிறகு புதுச் செல் வாங்கிப் போட்டோம். இரண்டு நாள் சந்தோஷமாக இருந்தது, திரும்ப அதே கதை. பாலிதீன் உறையைக் கழற்றினேன், அம்மாவிடம் திட்டு வாங்கினேன். பட்டன்களுக்கு அடியில் இருந்த ரப்பரை எடுத்துச் சைக்கிள் கடை பெட்ரோலில் துடைத்தேன். ரிமோட்டின் முன்னால் இருக்கும் சின்ன பல்பைச் சுற்றி சாக்லேட் காகிதத்தின் வெள்ளித்தாளைக் கூம்பாகச் சுருட்டி ஒட்டினேன், டார்ச் லைட்டில் இருக்குமே அந்த மாதிரி. அதில் கொஞ்சம் பலன் இருந்தது. நிலையிலிருந்து உள்ளே ஒரு தரைக்கல் தள்ளி நின்று அமுக்கினாலும் மாறியது. சாயங்கால வெயில் ஜன்னல் வழியாக டிவி மேல் விழும் நேரத்தில் இன்னும் மோசமாவதைப் பார்த்து ஜன்னலில் போர்வையைத் தொங்கவிட்டேன். அப்பாவின் ஷேவிங் கண்ணாடியை நிலையில் சாய்த்துவைத்துப் பார்த்தேன். கண்ணாடி விழுந்து மூலை உடைந்ததுதான் மிச்சம்.

"விஞ்ஞானி வூட்டுல இருக்காரா?" என்று அக்கா வாசலிலிருந்தே கேட்டுக்கொண்டு வருவாள். எட்டாவது படிக்கிறோம் என்கிற திமிர் அவளுக்கு. "இன்னிக்கு இன்னா சார், ரிமோட்டுக்குக் கஷாயமா?"

ஒன்றை மட்டும் கவனித்து வைத்திருந்தேன். புதன், வியாழன் வந்தால் ரிமோட் கொஞ்சம் சொன்ன பேச்சு கேட்கும். வெள்ளிக்கிழமை சாயங்காலமும் சனிக்கிழமையும் சுத்தமாகச் செவிடாகிவிடும். இதை அக்காவிடம் சொன்னேன். அவள் சிரித்தாள். "அதுக்கும் சனி புடிச்சிருக்குது. கோயில்ல விளக்கு போடு."

வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டில் என்ன நடக்கும் என்று நான் யோசிக்கவில்லை. நீங்களாக இருந்தாலும் யோசித்திருக்க மாட்டீர்கள். வெள்ளிக்கிழமை தலைக்குக் குளித்து, வாசல்படிக்கு மஞ்சள் பூசி, சாமி படங்களுக்கும் அப்பா நெற்றிக்கும் வைத்த கையோடு அம்மா டிவி பொட்டின் மேலேயும் புதிதாகச் சந்தனம் குழைத்து வைப்பாள். வாரத்தில் அது காய்ந்து ஓரங்களில் உதிரும். திரும்ப வெள்ளிக்கிழமை வரும்.

தீபாவளிக்கு முன்னால் அக்கா டிவியைத் துடைக்கப் போனாள். ஈரத் துணி பொட்டுக்குப் பக்கத்தில் போனதும் அம்மா அவள் கையைத் தட்டிவிட்டாள். அம்மா அவளை அடித்து நான் பார்த்ததில்லை. "குங்குமத்த அழிக்கிற வேலைய இந்த வூட்டுல யாரும் செய்யக் கூடாது. உங்கப்பா எழுந்து நடக்கிற வரைக்கும் அது அங்கயே இருக்கட்டும்." அக்கா துணியைப் பிழிந்து கொடியில் போட்டாள். வெகு நேரம் கொடியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அதே நாட்களில் அப்பாவுக்கு ஒரு புதுப் பழக்கம் வந்தது. இடது கையைத் தூக்கி நெற்றியைத் தொடுவார். ரிமோட்டை அமுக்குவார், டிவி மாறாது, நெற்றியைத் தொடுவார். திருநீறு கேட்கிறார் என்று அம்மா பூசிவிடுவாள். திரும்பத் தொடுவார். இன்னும் கொஞ்சம் பூசுவாள். தலைவலி என்று அக்கா தைலம் தேய்ப்பாள். காரம் கண்ணில் இறங்கி அப்பாவுக்குக் கண்ணீர் கொட்டும். விதியை நினைத்து அழுகிறார் என்று பார்க்க வந்தவர்கள் சொல்வார்கள். எங்கள் எல்லோருக்கும் அவர்மேல் அன்பு இருந்தது. அவர் சொல்வதை மட்டும் ஒருவரும் கேட்கவில்லை.

தீபாவளி கழிந்து, போனில் கேட்டதை நேரில் பார்க்க என்று பெரியப்பா ஒரு சனிக்கிழமை காலையில் வந்து இறங்கினார். முதல் நாள் வெள்ளிக்கிழமை. அவர் வருகிறார் என்று அம்மா வீட்டையே கழுவிவிட்டாள். டிவிக்குப் பன்னீர் விட்டுச் சந்தனம் குழைத்துத் தடிமனாக வைத்தாள்.

கையில் ஓர் அரிசி மூட்டையும் பனை வெல்லப் பொட்டலமும் கொண்டுவந்திருந்தார். நேரே உள்ளறைக்குப் போய் அப்பாவின் தலையில் கையை வைத்தார். தோள் துண்டை வாயில் வைத்துக்கொண்டு அழுதார். அப்பா சிரித்தார். சத்தமாக, வாய் கோணிக்கொண்டு, நிற்காமல் சிரித்தார். பெரியப்பா கையை எடுத்துவிட்டார்.

"இப்டித்தான் சிரிக்கிறானா?"

அம்மா நிலைக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு சொன்னாள். "அது நோயோட சேந்ததாம் மாமா. டாக்டர் சொன்னாரு. அவரு சிரிக்கல, அதுவா வருது."

"ம்," என்றார் பெரியப்பா.

இட்லி சாப்பிட்டுவிட்டு அவர் கை கழுவிய பிறகு அந்தப் பேச்சு வந்தது. "போன்ல சொன்னியேம்மா, டிவிய மாத்துறான்னு. பாக்கலாமா?" அவர் சந்தேகமாகக் கேட்கவில்லை. ஆசையாகத்தான் கேட்டார். அதனால்தான் பயமாக இருந்தது.

அம்மா திரையை ஒதுக்கினாள். ரிமோட்டைப் புடவைத் தலைப்பில் துடைத்து அப்பாவின் கையில் வைத்தாள். டிவியில் ஹிந்தியில் ஏதோ சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"தம்பி, தமிழ் நியூஸ் போடுறா," என்றார் பெரியப்பா.

அப்பா கையைத் தூக்கினார். அமுக்கினார். சண்டை நடந்துகொண்டிருந்தது. திரும்ப அமுக்கினார். கை தாழ்ந்தது, திரும்ப எழுந்தது. அம்மாவின் உதடு அசைந்துகொண்டிருந்தது. நான் ரிமோட்டையே பார்த்தேன். என் வெள்ளித்தாள் கூம்பு ஒரு பக்கம் நசுங்கியிருந்தது.

பெரியப்பா எழுந்து போய் அப்பாவின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து ரிமோட்டை வாங்கினார். டிவிக்கு முன்னால் போய் நின்று அமுக்கினார். உடனே மாறியது. இன்னொரு முறை அமுக்கினார். மாறியது.

"ரிமோட் நல்லாத்தாம்மா கீது," என்றார்.

அப்பா நெற்றியைத் தொட்டார்.

"நான் குத்தம் சொல்லல. பசங்க மாத்தியிருக்கும், நீ ஆசையில அவன் மாத்தினான்னு நெனச்சிருப்ப. மத்தியானம் மெட்ராஸ் வண்டி. ரெண்டு பேருக்கும் பதிவு பண்ணிட்டுத்தான் வந்தேன். ஸ்டேஷனுக்கு வேனும் சொல்லியாச்சு. அவன் துணிய எடுத்து வைம்மா."

அம்மா வாதாடுவாள் என்று நினைத்தேன். அவள் வாதாடவில்லை. டிரங்குப் பெட்டியை இழுத்துத் திறந்து அப்பாவின் லுங்கிகளை மடித்து வைக்க ஆரம்பித்தாள். மடித்ததையே பிரித்துத் திரும்ப மடித்தாள்.

எனக்கு ஒன்று தெரியும். கட்டிலிலிருந்து நான் அமுக்கினாலும் அது மாறாது. தினமும் பார்த்தது. ஆனால் பெரியப்பா முன்னால் எனக்கு நாக்கு எழவில்லை. அக்காவின் தாவணியைப் பிடித்து இழுத்துக் காதில் சொன்னேன்.

"சத்தமா சொல்லேண்டா, வாயில இன்னா கொழுக்கட்டையா?" என்று என்னைத் திட்டிவிட்டு அவளே சொன்னாள். "பெரியப்பா, அங்க நின்னுகினு அமுக்கினா இன்னா அர்த்தம்? அப்பா எடத்துல உக்காந்து அமுக்குங்க."

பெரியப்பா அவளைப் பார்த்தார். பிறகு வந்து கட்டிலில், அப்பாவின் தலையணைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். அமுக்கினார். ஒன்றும் நடக்கவில்லை. கையை நீட்டி அமுக்கினார். உள்ளங்கையில் இரண்டு தட்டுத் தட்டிவிட்டு அமுக்கினார். எம்பிப் பார்த்தார். அரிசி மண்டிக்காரர், கனத்த உடம்பு, கட்டில் கிறீச்சிட்டது.

"அப்போ பெரியப்பாவுக்கும் புத்தி தெளிவா இல்லன்னு சொல்லிடலாமா?" என்றாள் அக்கா.

"ஏய்," என்றாள் அம்மா பெட்டிக்குள்ளிருந்து தலையைத் தூக்கி.

அப்பா சிரித்தார். யாராக இருந்தாலும் சிரிக்கும் இடம் அது. பெரியப்பா மெதுவாகத் திரும்பித் தம்பியின் முகத்தைப் பார்த்தார். வந்ததிலிருந்து அப்போதுதான் முதல் தடவையாக அவர் முகத்தைப் பார்த்தார் என்று எனக்குத் தோன்றியது. ஆனாலும் தலையை ஆட்டிக்கொண்டார். "ரிமோட்டு கெட்டுப்போயிருக்கலாம். அதனால இவன் நல்லாருக்கான்னு ஆயிடுமா?"

அந்த நேரத்தில் மாவ்ஷி வந்தாள். ஊரிலிருந்து விருந்தாளி வந்திருக்கிறார் என்று ஒரு தட்டு போஹா, அவல் உப்புமா, கொண்டுவந்திருந்தாள். அப்பா திரும்ப நெற்றியைத் தொடுவதைப் பார்த்துவிட்டு, "டோக துக்தய் வாட்தே," என்று தன் தலையைப் பிடித்துக் காட்டினாள். தலைவலி என்று அவளும் சொன்னாள். அம்மா மடித்துக்கொண்டிருந்த லுங்கியோடு எழுந்து திருநீற்றுக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு வந்தாள்.

அப்பா அவள் கையைத் தள்ளினார். கிண்ணம் உருண்டு போர்வையெல்லாம் திருநீறு கொட்டியது. அவர் அம்மாவின் கையைத் தள்ளி நாங்கள் பார்த்ததே இல்லை. நெற்றியைத் தொட்டார். பிறகு அதே விரலை நேராக நீட்டினார். கட்டிலைத் தாண்டி, நிலையைத் தாண்டி, முன்னறைக்கு. நெற்றியைத் தொட்டார், நீட்டினார்.

நான் கட்டில் ஓரத்தில் மண்டிபோட்டு, அவர் தோளுக்குப் பக்கத்தில் தலையை வைத்து, அந்த விரல் போகும் வழியிலேயே பார்த்தேன். தூரத்தில் டிவியின் நட்ட நடுவில் சிவப்பாகப் பொட்டு தெரிந்தது. நடுவுல நிக்காத என்று அம்மாவிடம் சத்தம் போடும் அப்பாவின் பழைய குரல் என் காதில் கேட்டது.

"பொட்டு," என்றேன். என் வாயிலிருந்துதான் வந்தது. எல்லோரும் திரும்பினார்கள். "அப்பா பொட்டச் சொல்றாரு. டிவி பொட்ட. அது சிக்னல மறைக்குது."

அம்மாவுக்குத்தான் முதலில் புரிந்தது. அவள் முகத்தில் அது தெரிந்தது. கையிலிருந்த லுங்கியை மார்போடு பிடித்துக்கொண்டாள்.

"தொடச்சிதான் பாக்கலாமே," என்றார் பெரியப்பா தயங்கிக்கொண்டு. ஆனால் அவரும் எழவில்லை. புருஷன் படுத்திருக்கும் வீட்டில், அவனுக்காக வைத்த குங்குமத்தை யார் துடைப்பார்கள்? நான் முன்னறைக்கு ஓடினேன். அக்கா என் சட்டையைப் பிடித்து நிறுத்தினாள். நாங்கள் சொன்னது மாவ்ஷிக்குப் புரிந்ததோ என்னவோ, டிவியையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்து, "நகோ, நகோ," என்று கையை ஆட்டினாள். வேண்டாம் என்று அவளுக்கும் பட்டது.

வெளியே வேன் வந்து ஹாரன் அடித்தது.

அம்மா லுங்கியைப் பெட்டி மேல் வைத்துவிட்டு வந்தாள். டிவிக்கு முன்னால் நின்றாள். உள்ளறையைத் திரும்பிப் பார்த்தாள். அப்பா கையைக் கீழே போடாமல் இன்னும் நீட்டிக்கொண்டிருந்தார். அம்மா மோதிர விரலின் நகத்தால் பொட்டின் ஓரத்தை நெம்பினாள். ஆயுத பூஜையிலிருந்து வெள்ளிக்கு வெள்ளி வைத்தது, மேலே ஈரமும் அடியில் கெட்டியுமாக ஒரே வில்லையாகப் பெயர்ந்து விரலோடு வந்தது. அதை அவள் கீழே போடவில்லை, துணியிலும் துடைக்கவில்லை. அப்படியே தூக்கித் தன் வகிட்டில் வைத்து அழுத்திக்கொண்டாள். சந்தனத் தூள் மூக்கின் மேல் உதிர்ந்தது. மாவ்ஷி கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

பிறகு தலைப்பை எச்சில் தொட்டு, ரிமோட்டின் சிக்னல் விழும் அந்தக் கருஞ்சிவப்பு வட்டத்தைப் பளபளவென்று துடைத்துவிட்டு, வழியை விட்டு ஒதுங்கி நின்றாள்.

"நியூஸ் போடுறா தம்பி," என்றார் பெரியப்பா.

அப்பா அமுக்கினார். டிவி அணைந்துபோனது.

பெரியப்பாவின் முகம் விழுந்துவிட்டது. "அணைச்சிட்டானே," என்றார். வேன்காரன் திரும்ப ஹாரன் அடித்தான்.

டிவி அணைந்ததும் வீடு அமைதியாகிவிட்டது. மாதக்கணக்கில் அந்த வீட்டில் பகலில் அப்படி ஓர் அமைதி இருந்ததில்லை. யார் வந்தாலும் டிவி பாட்டுக்கு ஓடும், அந்தச் சத்தத்துக்கு மேலே அப்பாவைப் பற்றிப் பேசுவார்கள், சாப்பிட்டாரா, வெளியே போனாரா, தூங்கினாரா என்று. அப்பா ரிமோட்டை மார்பில் வைத்துவிட்டு, இடது கையால் கட்டிலைத் தட்டினார். அண்ணன் உட்கார்ந்திருந்த இடத்துக்குப் பக்கத்தில், இன்னும் கிட்டத்தில் தட்டினார்.

பெரியப்பா நகர்ந்து உட்கார்ந்தார். துண்டை முறுக்கினார்.

"இன்னாடா," என்றார் கடைசியில். "நான் பேசறது உனக்குக் கேக்குதா?"

அப்பா தலையாட்டினார். ஆனால் அவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டுவார். பெரியப்பாவுக்கும் அது தெரிந்துபோயிருந்தது. அவர் யோசித்துவிட்டுச் சொன்னார். "தலைய ஆட்டாத. நான் கேக்கறேன், நீ அதால சொல்லு. இங்கயே இருக்கறன்னா டிவிய போடு."

டிவி வந்தது. ஹிந்திச் சண்டை இன்னும் முடியவில்லை.

"சரி. என்கூட ஊருக்கு வரியா? வரேன்னா அணை. நான் ஒண்ணும் நெனச்சிக்க மாட்டேன். அணைச்சிடு."

அப்பா ரிமோட்டைத் தூக்கினார். அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். திரையின் அடியில் பச்சைக் கோடுகள் ஒவ்வொன்றாக வந்தன. சத்தம் ஏறியது. இன்னும் ஏறியது. சண்டை போடுகிறவர்களின் குரல் காலனியையே தூக்கியது. மாவ்ஷி காதைப் பொத்திக்கொண்டாள். கோடுகள் கடைசிவரை போய் நின்ற பிறகும் அப்பா விரலை எடுக்கவில்லை.

"புரிஞ்சுதுடா, புரிஞ்சுது, கொறடா," என்று பெரியப்பா கத்தினார். சிரித்துக்கொண்டே அழுதார். அது எந்த நோயில் வந்ததோ.

வேன் காலியாகத்தான் போனது. பெரியப்பா மத்தியான வண்டிக்கு ஆட்டோவில் போனார். தம்பிக்காகப் பதிவு செய்த படுக்கையில் யார் படுத்துக்கொண்டு போனார்களோ தெரியாது.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். அப்பா எழுந்து நடக்கவில்லை. லீவு நீண்டது, பிறகு அம்மாவுக்கு ரயில்வே ஆஸ்பத்திரியில் ஆயா வேலை கிடைத்தது, வீடு கையில் நின்றது. அவள் வேலைக்குப் போனால் அப்பாவோடு ஒருவர் இருக்க வேண்டும். எங்கள் தமிழ்ப் பள்ளிக்கூடமும் ஐந்தாவதோடு முடிந்துவிட்டது, அதற்கு மேல் அக்கா மாதிரி வேறு பள்ளிக்கூடம் போக வேண்டும். நான் இருந்துகொண்டேன். டிவி போட்டால் ஆமாம், அணைத்தால் இல்லை, சத்தம் ஏறினால் கோபம். அத்தனை வருடங்கள் நானும் அப்பாவும் அந்தப் பெட்டியை வைத்துக்கொண்டு பேசிய பேச்சைப் பள்ளிக்கூடத்தில் யாரோடும் பேசியிருக்க மாட்டேன்.

அப்பா போய் வெகு காலமாகிவிட்டது. அந்த ரிமோட்டும் எங்கேயோ தொலைந்துபோனது, வெள்ளித்தாள் கூம்போடு. இப்போது சுவரில் மாட்டிய டிவி. ஆயுத பூஜையன்று என் மனைவி சந்தனக் கிண்ணத்தோடு வரும்போது, பக்கவாட்டில் வை என்பேன். எங்கள் வீட்டில் டிவிக்குக் காதோரம்தான் பொட்டு.

அம்மா பூஜைக்கு முன்னால் வந்து நிற்பதில்லை. எல்லாம் முடிந்து நாங்கள் சுண்டல் தின்னும்போது மெதுவாக வருவாள். டிவிக்கு அடியில் குனிந்து தேடுவாள். இந்தக் காலத்து டிவியில் அந்த வட்டம் எள்ளளவுதான் இருக்கிறது. அதைக் கண்டுபிடித்துத் தலைப்பால் ஒருமுறை துடைத்துவிட்டு, நடுவில் நிற்காமல் ஓரமாகப் போய் உட்காருவாள்.